புழங்காத டாலரும் எழுபது மதிப்பெண்ணும்

1884-ல் சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்த மார்கன் வெள்ளி டாலர், பல கைகள் மாறித் தேய்ந்த நிலையில் என்றால், குறைந்த விலைக்கே கிடைக்கும். அதே ஆண்டு, அதே சாலை, அதே 26.73 கிராம் எடை, அதே பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. ஆனால் கைபடாத நிலையில் உயர்ந்த மதிப்பெண்ணோடு ஒன்று ஏலத்துக்கு வந்தால் விலை லட்சக்கணக்கான டாலரைத் தொடும். உலோகத்திலும் வயதிலும் வித்தியாசமில்லை. மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்பதில் மட்டுமே வித்தியாசம். அந்த நிலையை 1 முதல் 70 வரையுள்ள ஓர் எண்ணாக எழுதும் வழக்கம் இன்று பல நாட்டுக் காசுகளுக்கும் பரவிவிட்டது. இதன் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1949-ல் வெளிவந்த ஒரு புத்தகத்தில் தொடங்கி, அதை எழுதிய வில்லியம் ஷெல்டனை இந்த முறையின் தந்தை என்று சொல்லி முடிப்பார்கள். எண்ணைத் தந்தவர் ஷெல்டன் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த எண்ணுக்கு இன்றிருக்கும் பொருளைத் தந்தது, அமெரிக்கக் கருவூலத்தின் நிலவறைகளில் பல பத்தாண்டுகள் கித்தான் பைக்குள் கட்டிக் கிடந்த வெள்ளி என்பது என் வாதம். பணமாகப் புழங்காத ஒரு பணம்தான், பழைய காசுகளை எப்படி நோட்டம் பார்ப்பது என்பதை மற்றக் காசுகளுக்கும் விதித்திருக்கிறது.

அந்த வெள்ளி ஏன் அடிக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1859-ல் நெவாடாவில் கண்டெடுத்த காம்ஸ்டாக் வெள்ளிப் படுகை சந்தையை நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில், 1873-ம் ஆண்டுச் சட்டம் வெள்ளி டாலர் அடிப்பதை நிறுத்தியது. சுரங்க முதலாளிகளும், பணப்புழக்கம் பெருகினால் தங்கள் கடன்சுமை குறையும் என்று நம்பிய விவசாயிகளும் கொதித்தார்கள். அவர்களுடைய நெருக்குதலால் 1878 பிப்ரவரியில், குடியரசுத் தலைவர் ஹேய்ஸின் மறுப்பையும் மீறி, பிளாண்ட்–அலிசன் சட்டம் நிறைவேறியது. மாதந்தோறும் 20 லட்சம் டாலருக்குக் குறையாமலும் 40 லட்சத்துக்கு மேற்படாமலும் அரசு வெள்ளி வாங்கி டாலராக அடிக்க வேண்டும் என்றது சட்டம். பிலடெல்பியா நாணயச்சாலையில் வேலைக்கு வந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் மார்கன் உருவத்தை வரைந்தார். சுதந்திர தேவியின் முகத்துக்கு அவ்வூர் ஆசிரியை அன்னா வில்லியம்ஸ் மாதிரியாக அமர்ந்தார். 1904 வரையிலும், பிறகு 1921-ல் ஓர் ஆண்டுமாக, 65 கோடிக்கு மேல் அடித்தார்கள். அவ்வளவு காசும் மக்களுக்குத் தேவையா என்று சட்டம் கேட்கவில்லை. மேற்கிலும் தெற்கிலும் அவை ஓரளவு கைமாறின. கிழக்கு மாநிலங்களில் அந்தக் கனத்தைச் சட்டைப்பையில் சுமக்க யாரும் விரும்பவில்லை. எனவே காசு நிலவறையில் இருக்க, அதற்கு ஈடாக அச்சிட்ட வெள்ளிச் சான்றிதழ் என்ற காகிதமே ஊருக்குள் சுற்றியது. ஆயிரம் காசுக்கு ஒரு பை. ஒரு பை ஏறக்குறைய 27 கிலோ. அடித்த சூட்டில் பையில் கட்டிய டாலர்களில் பெரும்பகுதி ஒரு கடைக்காரரின் கல்லாவைக்கூடப் பார்க்கவில்லை.

இந்தக் குவியலின் பெரிய அழிவு இந்தியாவை முன்னிட்டு நடந்தது. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்பவர்கள் பெருகினார்கள். 1918-ன் தொடக்க மாதங்களில் அரசின் ரூபாய்க் கையிருப்பு அபாயகரமாகக் கரைந்தது. பிரிட்டன் அமெரிக்காவிடம் வெள்ளி கேட்டது. அந்த ஏப்ரலில் பிட்மன் சட்டம் வந்தது. அதன்படி 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய 26 கோடி டாலரின் வெள்ளி இந்திய ரூபாய்க்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. எந்த ஆண்டின் காசு, எந்தச் சாலையின் காசு எவ்வளவு உருகியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. இதன் விளைவு பின்னால் தெரிந்தது. அடித்த எண்ணிக்கையைப் பார்த்து ஒரு காசின் அருமையைக் கணிக்க முடியாமல் போயிற்று. 1901-ல் பிலடெல்பியாவில் கிட்டத்தட்ட 70 லட்சம் அடித்தார்கள். இன்று அவற்றில் மாசற்ற நிலையில் ஒன்று கிடைப்பது மிக அரிது. கார்சன் சிட்டியில் அதைவிட மிகக் குறைவாக அடித்த சில ஆண்டுக் காசுகள் பளபளப்போடு தாராளமாகக் கிடைக்கின்றன. ஏட்டுக் கணக்கு கைவிட்ட இடத்தில் காசின் முகத்தையே பார்த்தாக வேண்டிய கட்டாயம் வந்தது.

அந்தக் காலச் சேகரிப்பாளர்கள் இதற்கெல்லாம் ஆயத்தமாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏலப் பட்டியல்களில் நல்லது, நேர்த்தி, மிக நேர்த்தி, புழங்காதது என்பது போன்ற சில சொற்களே போதுமாக இருந்தன. அவற்றையும் ஒவ்வொரு வணிகரும் தம் மனம்போல் நீட்டிச் சுருக்கினார். காசில் இருக்கும் நாணயச்சாலைக் குறியைப் பொருட்படுத்தும் பழக்கமே 1893-ல் அகஸ்டஸ் ஹீட்டன் அதைப் பற்றி எழுதிய பிறகுதான் வேரூன்றத் தொடங்கியது. வெள்ளி டாலரைச் சேர்ப்பதோ அரிது. அதன் முகமதிப்பே ஒரு கூலியாளின் ஏறக்குறைய ஒரு நாள் சம்பளம். தேவைப்பட்டால் வங்கியில் எப்போதும் கிடைக்கும் பொருளை யார் பூட்டி வைப்பார்கள்?

ஷெல்டனின் எண் வந்தது வேறொரு உலோகத்துக்காக. அவர் உளவியலாளர், மனித உடல்களை மூன்று கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்ட ஆய்வால் அறியப்பட்டவர். 1949-ல் வெளியிட்ட நூலில், 1793 முதல் 1814 வரையிலான பெரிய செம்பு சென்ட் காசுகளுக்கு அவர் ஒரு விலைச் சூத்திரம் கண்டார். அடையாளம் மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்த காசின் விலையை அடிநிலையாக வைத்துக்கொண்டால், மாசே இல்லாத காசின் விலை அதைப்போல் எழுபது மடங்கு. இடையிலுள்ள எண்கள் இடையிலுள்ள விலைகள். ஆக, 70 என்பது பிறப்பிலேயே விலைப் பெருக்கல் எண். நிலையை அளக்க வந்த எண் அது இல்லை. சந்தை சில ஆண்டுகளிலேயே அந்த விகிதத்தைத் தாண்டிப் போய்விட்டது. சூத்திரம் செத்தது, எண் மட்டும் தங்கியது. அந்த எண்வரிசை எப்படிப் பங்கிடப்பட்டிருந்தது என்பதே என் வாதத்துக்கு முதன்மையான சான்று. ஷெல்டனின் ஏணியில் 60-க்குக் கீழே ஒரு டஜனுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. ஏனென்றால் செம்பு சென்ட் உண்மையாகவே புழங்கிய காசு. நோட்டக்காரரின் வேலை தேய்மானத்தின் அளவைப் பிரித்தறிவது. கைபடாத காசுக்கு 60, 65, 70 என்று மூன்றே படிகள் வைத்தார். அந்த உயரத்துக்கு வரும் காசு அவ்வளவு குறைவு என்பதால் அதுவே தாராளம். நிலைக்கு அவர் தந்த முக்கியத்துவத்தை அவருடைய வாழ்க்கையும் காட்டிக்கொடுக்கிறது. 1977-ல் அவர் இறந்த பிறகு, அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சென்ட் தொகுப்பிலிருந்து சிறந்த காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தரம் தாழ்ந்தவற்றை அந்த இடத்தில் அவர் வைத்திருந்தது வெளிவந்து வழக்காயிற்று. வகை ஒன்றுதான், எண்ணிக்கையும் குறையவில்லை; களவு போனது நிலை மட்டும்.

மூன்று படிகள் பதினொன்றாக மாறியதற்குக் காரணம் நிலவறைக் கதவு திறந்ததுதான். 1962-ன் கடைசி மாதங்களில் கருவூலம் பல பத்தாண்டுகளாக முத்திரையோடு இருந்த பைகளை முகமதிப்புக்கே கொடுக்கத் தொடங்கியது. அதுவரை நியூ ஆர்லியன்ஸின் 1903-ம் ஆண்டு டாலர், மார்கன் வரிசையிலேயே கைக்கெட்டாத காசுகளில் ஒன்று. கைபடாத நிலையில் அதற்கு விலைப்புத்தகம் போட்ட மதிப்பு 1,500 டாலர். அந்தக் காசு பைபையாக வெளிவந்தது. விலை சில மாதங்களில் தரைக்கு வந்தது. செய்தி பரவியதும் மக்கள் கருவூலத்தின் வாசலில் வரிசையில் நின்றார்கள். 1964 மார்ச்சில் கொடுப்பதை நிறுத்தியபோது எஞ்சியது ஏறக்குறைய 30 லட்சம் காசு. அதில் பெரும்பகுதி கார்சன் சிட்டியில் அடித்தவை. 1972 முதல் 1980 வரை அரசே அவற்றை அஞ்சல் வழி விற்றது. 1884-ல் கார்சன் சிட்டி அடித்த டாலர் 11,36,000. இந்த விற்பனைக்கு வந்தவை 9,62,000-க்கு மேல். ஒரு சாலை ஓர் ஆண்டு முழுதும் அடித்ததில் ஆறில் ஐந்து பங்கு, எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் கைமாறாமல் அடித்தவனிடமே இருந்திருக்கிறது. இதற்கு இணையான ஒரு நாணயத்தை நான் அறியேன்.

இந்த லட்சக்கணக்கான காசுகளின் முன் பழைய நோட்டம் கைகட்டி நின்றது. தேய்மானம் என்ற அளவுகோலால் பார்த்தால் எல்லாமே ஒரே தரம். ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. 27 கிலோ பையை வண்டியில் ஏற்றி, இறக்கி, எண்ணி, மறுபடி கட்டி எறியும்போது காசின் விளிம்பு காசின் முகத்தில் மோதுகிறது. மார்கன் டாலரில் தேவியின் கன்னம் பரந்து, மறைப்பில்லாமல், மேடாக இருக்கிறது. அடி முதலில் விழுவது அங்கேதான். கூந்தலுக்குள் ஒளிந்த கீறல் மன்னிக்கப்படும், கன்னத்தில் விழுந்த அதே கீறல் மன்னிக்கப்படாது. பின்பக்கத்துக் கழுகின் இறகுகள் பத்து வடுவை மறைத்துக்கொள்ளும். அடுத்தது மினுமினுப்பு. அச்சு விழும்போது வில்லையின் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் மிக நுண்ணிய வரிகள்தான், விளக்கின் கீழ் காசைச் சாய்த்துச் சுழற்றும்போது வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்போல் ஒளிக்கீற்றைச் சுற்ற வைக்கின்றன. அமிலக் கரைசலில் முக்கி முக்கி எடுத்த காசில் அந்த வரிகள் கரைந்துபோய், வெண்மை இருக்கும், உயிர் இருக்காது. மூன்றாவது, அச்சு விழுந்த அழுத்தம். சான்பிரான்சிஸ்கோவில் 1879 முதல் 1882 வரை அடித்தவை காதோரக் கூந்தல் இழை இழையாகத் தெரியும் அளவுக்கு அழுத்தமானவை. நியூ ஆர்லியன்ஸ் காசுகள் பலவற்றில், குறிப்பாக 1892-ம் ஆண்டுக் காசில், காதுக்கு மேலே கூந்தலும் கழுகின் மார்பும் தட்டையாக விழுந்திருக்கும். அது தேய்மானம்போலத் தோன்றும். ஆனால் தட்டையான இடத்திலும் மினுமினுப்பு உடையாமல் இருந்தால் அது அச்சின் குறை. மினுமினுப்பு அறுந்து சாம்பல் பூத்திருந்தால் அது புழங்கிய காசு. தேர்ந்த கண் இந்த வேற்றுமையைச் சரியாகப் பிடித்துவிடும். இந்தக் கலைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் வடு, மினுமினுப்பு, அழுத்தம் என்ற மூன்றையும், கண்ணுக்கு இனிமை என்ற நான்காவதையும் கூட்டி ஒரே எண்ணாக்குவது எப்படி? அழுத்தமாக விழுந்து கன்னத்தில் மூன்று வடு பட்ட காசு உயர்ந்ததா, வடுவே இல்லாமல் அரைகுறையாக விழுந்த காசு உயர்ந்ததா? இதற்கு விடை காசில் இல்லை, பார்ப்பவர்கள் செய்துகொண்ட உடன்பாட்டில் இருக்கிறது. அந்த உடன்பாடு மெல்ல மெல்ல உருவானதை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். நெவாடாவின் ரீனோ நகரத்துச் செல்வர் லவேர் ரெட்ஃபீல்ட் வீட்டில் குவித்து வைத்திருந்த 4 லட்சத்துக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்கள் 1976-ல் விலைபோனபோது, அவற்றில் பெருந்தொகையை விற்ற நிறுவனம் காசுகளைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் சட்டத்தில் அடைத்து 60, 65 என்று இரண்டே தரம் எழுதியது. 1977-ல் அமெரிக்க நாணயவியல் சங்கம் ஷெல்டனின் எண்களை எல்லா அமெரிக்கக் காசுகளுக்கும் அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது. பிறகு 63, 67 என்று இடைப்படிகள் நுழைந்தன. 1986-ல் பிசிஜிஎஸ், அடுத்த ஆண்டு என்ஜிசி என்ற தனியார் தர நிறுவனங்கள் காசை மூடி முத்திரையிட்டுத் தரத் தொடங்கியபோது, 60 முதல் 70 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரு படியாயிற்று. தேய்ந்த காசுகளின் பகுதியில் இப்படி எதுவும் நடக்கவில்லை. அங்கே ஷெல்டனின் பழைய படிகளே பெரும்பாலும் நின்றுவிட்டன. ஏணி மேல்பக்கம் மட்டும் நெருக்கமானது, அங்கே கூட்டம் நின்றதால்.

இந்தப் பிரிவினையைச் செய்தது முதலீட்டாளர்களின் பேராசை, வெள்ளி டாலர் அல்ல என்று ஒருவர் வாதிடலாம். பணவீக்கம் மிகுந்த 1970-களின் பின்பகுதியில் காசுச் சந்தைக்குள் பணம் பாய்ந்தது உண்மை. நேரில் பார்க்காமல் வாங்குபவருக்கு ஒரு சொல்லைவிட ஓர் எண் நம்பிக்கை தரும் என்பதும் உண்மை. ஆனால் முதலீட்டுப் பண்டத்துக்குச் சில குணங்கள் வேண்டும். ஒரே உருவில் லட்சக்கணக்கில் கிடைக்க வேண்டும்; ஒன்றுக்கு ஒன்று ஈடாக மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும்; அதேநேரம், சிறிய வித்தியாசத்துக்குப் பெரிய விலை சொல்லவும் இடம் இருக்க வேண்டும். கைபடாத 1794-ம் ஆண்டு சென்டை வைத்து அந்த வணிகத்தை நடத்த முடியாது. உலகிலேயே மிகக் குறைவாக இருப்பதற்குச் சந்தை எங்கே? நிலவறை வெள்ளிதான் அந்தப் பண்டத்தைக் கொடுத்தது. நிலவறை இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்று பார்த்தாலும் இது உறுதிப்படும். ஐரோப்பிய ஏலங்களில் இன்றும் சில சொற்களே தரத்தைச் சொல்லி வேலையை முடித்துக்கொள்கின்றன. ரோம, கிரேக்கப் பழங்காசுகளைத் தரம் பார்க்க வந்தபோது என்ஜிசி நிறுவனமே எழுபதைக் கைவிட்டு, நிலைக்கு ஒரு சொல்லும், அச்சழுத்தத்துக்கும் மேற்பரப்புக்கும் தனித்தனியே ஐந்துக்கு இத்தனை என்றும் எழுதுகிறது. பையில் தூங்காத காசுகளுக்கு அந்த ஏணி பொருந்தவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான ஒப்புதல் வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது. பயிற்சி பெற்ற மூவர் தனித்தனியே பார்த்து ஒரே எண்ணுக்கு வருகிறார்கள் என்றால், அந்த எண் காசில் இருக்கும் ஏதோ ஒன்றைத்தானே சொல்கிறது? சொல்கிறது. நல்ல நோட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒரு படிக்குள் ஒத்துப்போகிறார்கள். அது வெறும் ஊகத்தால் வராது. ஆனால் விலை எங்கே துள்ளுகிறது என்று கவனியுங்கள்: 64-க்கும் 65-க்கும் நடுவே, 66-க்கும் 67-க்கும் நடுவே. ஒத்துப்போகும் எல்லையைவிடக் குறுகிய இடைவெளியில்தான் பெரும்பணம் கைமாறுகிறது. 1980-களின் தொடக்கத்தில் 65 என்று சான்றிதழ் பெற்ற டாலர்களை, சில ஆண்டுகளிலேயே 63 அல்லது 64 என்று சந்தை மதித்தது. காசு மாறவில்லை, உடன்பாடு இறுகியது. பிறகு அது தளரவும் செய்தது. பிளாஸ்டிக் சட்டத்தை உடைத்துக் காசை மறுபடி அனுப்பி, ஒரு படி கூடுதலாக வாங்குவதையே தொழிலாகச் செய்பவர்கள் உண்டானார்கள். தரம் பார்ப்பதன் பக்கச்சார்பின்மை பற்றிய விளம்பரங்களுக்காக 1990-ல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் பிசிஜிஎஸ் மீது நடவடிக்கை எடுத்து, இணக்க உடன்பாட்டில் முடித்தது. அதே ஆண்டு அந்த நிறுவனம் கணினியால் தரம் பார்க்கும் முயற்சியை அறிவித்தது. அதற்கு எடுத்துக்கொண்ட காசு மார்கன் டாலர். எண்ணிக்கையும் உருவ ஒற்றுமையும் வேறெதற்கு அவ்வளவு இருந்தது? அந்த முயற்சி நிலைக்கவில்லை. கீறலின் நீளத்தை இயந்திரம் அளந்துவிடலாம்; எந்தக் கீறலை மன்னிப்பது என்பதை மனிதர்கள் முதலில் தங்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். அடுத்து நிகழ்ந்தவையும் அதையே காட்டுகின்றன. ஏற்கெனவே எண் பெற்ற காசுகளை மறுநோட்டம் பார்த்து, தகுதியானதற்குப் பச்சை ஒட்டுத்தாள் கொடுக்கும் நிறுவனம் ஒன்று எழுந்தது. 2010-ல் எண்ணுக்கு அருகே கூட்டல் குறி வந்தது. எண் உடன்பாட்டைத் தாங்கமாட்டாமல் போகும்போதெல்லாம் மேலும் ஓர் அடையாளம் தேவைப்பட்டிருக்கிறது.

இந்த முறையால் நன்மையே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றிய காசு, பொய்யாக ஒட்டிய சாலைக் குறி, கள்ள அச்சு ஆகியவற்றிலிருந்து சாதாரண வாங்குபவரை அது காப்பாற்றியிருக்கிறது. வெறும் 1,00,000 அடித்த 1893-ம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ டாலரைச் சான்றில்லாமல் வாங்குவது அறிவீனம். என் குறை வேறு. புழங்காமையை உச்சியில் வைக்கும் ஏணி, புழக்கத்தின் தடங்களை எல்லாம் பழுது என்று எழுதுகிறது. அந்தத் தடங்கள்தான் பல காசுகளின் வரலாறு. 1873 முதல் சீன வணிகத்துக்காக அமெரிக்கா அடித்த வணிக டாலர்களில், கடல் கடந்த ஊர்களின் வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துத் தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். அது ஒரு நோட்டக்காரர் மற்றொருவருக்குக் கொடுத்த சான்று. நெடுங்காலம் அமெரிக்கச் சந்தையில் அது சேதமாகவே எண்ணப்பட்டது. பிறகு சேகரிப்பாளர்கள் விரும்பத் தொடங்கியதும், முத்திரை குத்தியது என்ற குறிப்போடு அதே காசுகளுக்கு எண் கொடுக்கப்பட்டது. குத்திய முத்திரையில் எந்த மாற்றமும் இல்லை, உடன்பாடுதான் மாறியது. அப்படியானால் இன்னும் மாற இடமிருக்கிறது. பிட்மன் சட்டத்தின் வெள்ளியால் பெருகிய அந்தக் காலத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களும் இப்போது அதே பிளாஸ்டிக் சட்டத்தில், அதே எழுபதுக்கு இத்தனை என்று வருகின்றன. அவை நிலவறைக்காக அடித்தவை அல்ல. நோட்டை நம்பாத மக்கள் கேட்டு வாங்கி, பானையில் புதைத்து, வரிகட்டி, வளையம் பற்றவைத்துக் கழுத்தில் கோத்த காசுகள். வளையம் அகற்றிய தடம் இருந்தால் அவற்றுக்கு எண்ணே கிடையாது. பழுது என்ற குறிப்பு மட்டும்தான். வணிக டாலரின் குத்துமுத்திரைக்குத் திருத்திக்கொண்ட விதியை இந்தத் தடத்துக்கும் திருத்த வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் இங்கே ரூபாய் சேர்ப்பவர்கள். கார்சன் சிட்டிப் பைகளிலிருந்து பிறந்த விதியை நம் காசுகளுக்கு அப்படியே ஏற்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை.